இரண்டரை முழம்

நான் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் யாரும் கண்டுபிடித்ததாகப் பெருமைப்பட வேண்டாம். ஆனால் சத்தம் என்று ஒரு பாடம் இருந்து அதற்குப் பரீட்சையும் வைத்தால், இந்தப் பெங்களூரில் எனக்கு முன்னால் உட்கார ஆள் கிடையாது. ஜோகுபாளையத்தில் என் மைக் செட் கடை நாற்பத்தெட்டு வருடமாக நடக்கிறது. யாரோ தூக்கிப் போட்ட ஒரு கூம்பு ஸ்பீக்கரைச் சரிசெய்து ஆரம்பித்தேன். இன்றைக்குக் கோயில் தேரா, கல்யாணமா, காதுகுத்தா, கன்னட ராஜ்யோத்சவமா, புத்த பூர்ணிமை ஊர்வலமா, எல்லாவற்றிலும் என் பெட்டிகள்தான் பேசும். மைக் ஊளையிடுவதற்கு முன்னாலேயே எந்தப் பெட்டியால் ஊளை வரப்போகிறது என்று என் காதுக்குத் தெரிந்துவிடும். படித்த பிள்ளைகள் லேப்டாப்பில் கோடு பார்த்துத் தேடிக்கொண்டிருப்பார்கள். நான் போய் அந்தப் பெட்டியை ஒரு சாண் திருப்பி வைப்பேன். அவ்வளவுதான், அடங்கிவிடும்.

அப்பேர்ப்பட்ட காதை வைத்துக்கொண்டு, என் மனைவி குளியலறையில் விழுந்து கிடந்தபோது நான் அடுத்த அறையில் உட்கார்ந்திருந்தேன். எனக்குக் கேட்கவில்லை.

அவளைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். அவள் பூக்காரி. கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு எங்கள் பேட்டையிலிருந்து இந்திராநகர்த் தெருக்கள் வரை நடந்து விற்றவள். அவளை நான் முதலில் பார்க்கவில்லை, கேட்டேன். ஒரு அம்மன் கோயில் பந்தலில் ஏணி மேல் நின்று ஸ்பீக்கர் கட்டிக்கொண்டிருந்தபோது எங்கிருந்தோ ஒரு குரல் வந்தது. மூன்று தெரு தள்ளி என்று மனதுக்குள் கணக்குப் போட்டேன். இறங்கி நடந்து போய்ப் பார்த்தேன். மூன்றாவது தெருவில்தான் கூடை இருந்தது. மைக் இல்லாமல் இவ்வளவு தூரம் போகிற குரலா என்று நின்றுவிட்டேன். தொழில்காரனுக்குத் தொழில் வழியாகத்தான் ஆசை வரும். பெண் கேட்டுப் போன இடத்தில் அவள் அப்பா, "பையன் இன்னா பண்றான்?" என்று கேட்டார்.

"ஊரையே கத்த வெக்கிறான்" என்றார் என் மாமா.

"எங்க பொண்ணும் கத்தறவதான். ஜோடி சரியாப் போச்சு" என்று வெற்றிலையை மாற்றிக்கொண்டார்கள்.

போன வருடம் ஒரு காலையில் பூ கட்டிக்கொண்டிருந்தவள் கையிலிருந்து நார் நழுவியது. எடுத்தாள், மறுபடி நழுவியது. என்னைப் பார்த்து ஏதோ சொன்னாள். அது பேச்சாக இல்லை. வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். மூளையின் இடது பக்கத்துக்குப் போகிற ரத்தம் அடைத்துக்கொண்டது என்றார்கள். உயிரைத் திருப்பிக் கொடுத்தார்கள், அவர்களுக்கு ஒரு கும்பிடு. வலது கால் ஓரளவு வந்தது. வலது கை பாதி வந்தது. பேச்சு வரவில்லை.

நாம் சொல்வதெல்லாம் அவளுக்குப் புரியும். பதிலுக்கு அவள் வாயில் வருவது ஒரே ஒரு சொல்: "அதான்." தண்ணீர் வேண்டுமென்றாலும் அதான். கோபம் வந்தாலும் அதான். பேரப்பிள்ளையைக் கொஞ்சினாலும் அதான். அந்த ஒரு சொல்லை ஏற்றி இறக்கி, இழுத்து நிறுத்தி, ஒரு மாதம் அவள் குடும்பம் நடத்தினாள். என்னால் முடியுமா? எனக்கு ஆயிரம் சொல் கொடுத்தாலும் போதாது.

அப்புறம்தான் அவள் விழுந்தது. நான் முன் அறையில் ஒரு ஆம்ப்ளிஃபயரைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். அவள் குளியலறையில் கால் வழுக்கி உட்கார்ந்துவிட்டாள். அடி பெரிதில்லை, ஆனால் எழுந்திருக்க முடியவில்லை. "அதான்" என்று கத்திப் பார்த்திருக்கிறாள். அது கத்துவதற்கு உதவாத சொல். வாயை விட்டு வெளியே வருவதற்குள் மூக்கில் முடிந்துவிடும். பிறகு ஜக்கை எடுத்து வாளியில் அடித்திருக்கிறாள். பிளாஸ்டிக் ஜக்கு, பிளாஸ்டிக் வாளி. ஜீவனஹள்ளியில் கட்டிக்கொடுத்த என் மகள் சாப்பாட்டுத் தூக்கோடு உள்ளே வந்து, "அம்மா எங்க?" என்று கேட்டாள். அவள் கேட்டது காதில் விழவில்லை என்று அப்போதுதான் வால்யூமைக் குறைத்தேன். டொக். டொக். டொக்.

அவளைத் தூக்கி உட்கார வைத்துத் தலை துவட்டிவிட்ட பிறகு மகள் என்னிடம் வந்தாள்.

"ஊருக்கெல்லாம் கேக்க வெக்கிறியே நைனா. அம்மா கூப்ட்டது உனக்குக் கேக்கல."

  

மறுநாள் அல்சூர் மார்க்கெட்டுக்குப் போய் நல்ல வெண்கல மணியாகத் தேர்ந்தெடுத்தேன். ஒவ்வொன்றாக ஆட்டிப் பார்த்து, எது சுவரைத் தாண்டிக் கேட்கும் என்று பார்த்து வாங்கினேன். குளியலறைக்குள் கயிறு கட்டித் தொங்கவிட்டு, "இந்தாமே, எதுனா வேணும்னா இத ஆட்டு" என்றேன். அவள் மணியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். இடது கையால் கயிற்றோடு பிடுங்கி ஜன்னல் வழியாகத் தெருவில் எறிந்தாள். "அதான்!" அன்றைய அதானுக்கு அர்த்தம் எனக்கு நன்றாகவே விளங்கியது. மாட்டுக்குக் கட்டு, எனக்கு வேண்டாம்.

மூன்று தெருவுக்குக் குரல் கொடுத்தவள், பாவம். மணி ஆட்டி ஆளைக் கூப்பிடவா அவள் பிறந்தாள்? அவளுக்கு என்னைக் கூப்பிட ஒரு சொல் வேண்டும், அது அவள் வாயிலிருந்தே வர வேண்டும். வேறு எது வராவிட்டாலும் அது ஒன்று வந்தால் போதும் என்று நினைத்தேன்.

ஆஸ்பத்திரியின் இரண்டாவது மாடியில் பேச்சுப் பயிற்சிக்கென்று ஒரு சின்ன அறை உண்டு. அங்கே ஒரு மேடம். என் மகளைவிடப் பத்து வயது சின்னவர். வீட்டில் கன்னடம்; தமிழ் கேட்டுப் பழகியவர், தட்டித் தடுமாறிப் பேசுவார். நான் உட்காருவதற்கு முன்பே கண்டிஷன் போட்டேன்.

"மேடம், இவளுக்குத் தாய்மொழி தமிழு. ஒரு வார்த்தகூட கன்னடம் பேசாதீங்க. கொழம்பிப்பா."

"ஆயித்து அங்கிள். தமிழ்லயே மாடோணா" என்று பாதிக் கன்னடத்திலேயே ஒத்துக்கொண்டார்.

முதல் நாள் படம் காட்டிப் பெயர் கேட்டார். சீப்பு, சாவி, டம்ளர். எல்லாவற்றுக்கும் அதான். ஒவ்வொரு அதானுக்கும் காகிதத்தில் ஒரு பெருக்கல் குறி விழுந்தது. பிறகு என்னைக் காட்டினார்.

"இவரு யாரு அம்மா? பேரு சொல்லுங்க."

அவள் தலையைக் குனிந்துகொண்டு இடது கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பெருக்கல் குறி விழுந்தது.

"மேடம், அது தப்பு. அத அடிச்சிடுங்க" என்றேன்.

"யாக்கே அங்கிள்? அம்மாக்கு வர்லியே."

"இப்ப வராம போனது இல்ல மேடம் அது. நாப்பத்தஞ்சு வருசமா வரல. ரேசன் கார்டு ஆபீஸ்லயே வரல."

அந்தக் கதையையும் சொன்னேன். எனக்குச் சாமி பெயர். ரேஷன் ஆபீஸில் புருஷன் பெயரைக் கேட்டபோது இவள் சொல்ல மாட்டாமல், சுவரில் தொங்கிய காலண்டரில் இருந்த சாமியைக் கை காட்டியிருக்கிறாள். எழுதுகிறவர் அவசரக்காரர். படத்துக்குக் கீழே அச்சடித்திருந்த ஜவுளிக்கடைப் பெயரை என் பெயராக எழுதிவிட்டார். அதைத் திருத்துவதற்குள் என் செருப்பு தேய்ந்துபோனது. மேடம் நாற்காலியில் சாய்ந்து சிரித்தார். என் மனைவியும் பொத்திய கைக்குள் சிரித்தாள். நோய் வந்த பிறகு அன்றுதான் அவள் சிரித்துப் பார்த்தேன்.

சிரித்து முடித்த மேடம் அந்தப் பெருக்கல் குறியை அடித்துவிட்டுப் பக்கத்தில் ஏதோ எழுதினார். என்னவென்று கேட்டேன்.

"சொல்ல முடியல இல்ல, சொல்ல மாட்டாங்கன்னு எழுதினேன் அங்கிள். ரெண்டும் பேறே பேறே அல்வா?"

இரண்டும் வேறு வேறு அல்லவா என்கிறார். முடியாததையும் மாட்டாததையும் தனித்தனியாக எழுதத் தெரிந்த ஆள். அன்றைக்கே எனக்கு அவர் மேல் மரியாதை வந்துவிட்டது. நான் சுலபத்தில் யாரையும் மதிக்கிறவன் இல்லை, எங்கள் பேட்டையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

அப்புறம் அவர் வைத்தியத்தை விளக்கினார். மூளையில் பேச்சு வருகிற இடம் இடது பக்கம், அதில்தான் அடி. ஆனால் ராகம் போட்டுப் பாடுவதற்கு வலது பக்கமும் கை கொடுக்கும். பேச முடியாத சிலருக்குப் பாட வரும். அந்தப் பாட்டைப் பிடித்துக்கொண்டே, அதன் மேல் சொற்களை ஏற்றி, கொஞ்சம் கொஞ்சமாகப் பேச்சைக் கொண்டுவரப் பார்க்கலாம். எல்லோருக்கும் வரும் என்று சத்தியம் செய்ய மாட்டேன் என்றும் சொன்னார்.

"புரியுது மேடம்" என்றேன். "எங்க தொழில்ல கரண்ட்டு ஒரு பேஸ் போச்சுன்னா இன்னொரு பேஸ்ல மாத்திப் போட்டு லைட் எரிய வெப்போம். அதானே?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "அதேதான் அங்கிள். நான் இனிமே எல்லார்க்கும் இப்டியே சொல்றேன்."

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், மூன்றாம் வகுப்புக்காரன் சொன்னதை ஒரு படித்த மேடம் எடுத்துக்கொண்டார் என்பதற்காக.

"அம்மா என்ன பாட்டு பாடுவாங்க?" என்று கேட்டார். அங்கேதான் மாட்டிக்கொண்டோம். என் மகள் உதட்டைப் பிதுக்கினாள். "அம்மா பாடி நான் கேட்டதே இல்ல மேடம். எங்களத் தூங்க வெக்கிறப்பகூட தாலாட்டெல்லாம் கெடையாது. தூங்கறியா, ரெண்டு வெக்கட்டுமான்னுதான் கேப்பாங்க."

எனக்கு அவமானமாக இருந்தது. பாட்டு என்றால் என்னிடம் பஞ்சமா? கேசட் காலத்திலிருந்து இன்றைய பென் டிரைவ் வரை, இல்லாத பக்திப் பாட்டு கிடையாது. எந்த ராகம் எந்த நோய்க்கு என்று யாரோ பேசிய வீடியோவும் போனில் வந்தது. ஆளுயரப் பெட்டி இரண்டைக் கடையிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்து, அவள் கட்டிலுக்கு இரண்டு பக்கமும் வைத்தேன். காலையில் இரண்டு மணி நேரம், மாலையில் இரண்டு மணி நேரம். என்ன சுத்தமான சத்தம்! தெருவில் போனவர்கள் திருவிழா என்று நினைத்தார்கள். அவள் முதல் நாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இரண்டாம் நாள் தலையணையைக் காதில் அழுத்திக்கொண்டாள். மூன்றாம் நாள் சுவரைப் பிடித்துக்கொண்டே தனியாக எழுந்து நடந்து வந்து பிளக்கைப் பிடுங்கினாள்.

அவள் தனியாக நடந்ததற்கு என் பெட்டிதான் காரணம் என்று மேடத்திடம் சொன்னேன். அவர் சிரித்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"அங்கிள், பாட்டு கேக்கறது மனசுக்கு நல்லதே. அவங்களுக்குப் புடிச்சத, ஸ்வல்ப மெதுவா வெயுங்க. ஆனா இந்த வேலைக்கு, வெளிய இருந்து உள்ள போற சத்தம் போதாது. அம்மா உள்ள இருந்து வெளிய வரணும்."

நாற்பத்தெட்டு வருடம் ஸ்பீக்கர் பக்கமே பார்த்து வாழ்ந்தவனை ஒரே வாக்கியத்தில் மைக் பக்கம் திருப்பிவிட்டார். பெட்டிகளை அன்றைக்கே கடைக்கு அனுப்பினேன்.

வாரத்துக்கு இரண்டு நாள் போனோம். அந்த மேடம் வேலை செய்வதைப் பார்க்க வேண்டும். எதிரில் உட்கார்ந்து இவள் இடது கையைத் தன் கையில் எடுத்து மேஜையில் தட்டுவார். ஒரு தட்டுக்கு ஓர் எழுத்து. தட்டிக்கொண்டே "தண்…ணீ" என்று இரண்டு சுரத்தில் இழுப்பார். முதலில் வெறும் முனகல், பிறகு சொல். அலுத்துக்கொண்டு நான் பார்த்ததே இல்லை. நூறு தடவை சொன்னதை நூற்றி ஒன்றாவது தடவை சொல்லும்போதும் புதிதாகச் சொல்வதுபோல முகம் வைத்திருப்பார். என்னால் ஆகாது. மைக் டெஸ்டிங் நான்கு தடவைக்கு மேல் சொன்னால் எனக்கே கோபம் வரும்.

நானும் ஒரு கை கொடுத்தேன். "மேடம், உங்க சுருதி ஒசரம். அவளுது ஆம்பளக் கட்டை. எறக்கிப் புடிங்க" என்றேன். இறக்கினார். முனகல் உடனே பலமாக வந்தது. "அங்கிள் காது ஒள்ளே காது" என்றார். நல்ல காது என்று அர்த்தம். எனக்குத் தெரிந்ததுதான்.

ஆனால் சொல் வரவில்லை. தாலாட்டு போட்டுப் பார்த்தார், கும்மி போட்டுப் பார்த்தார், வாய்ப்பாடு போட்டுப் பார்த்தார். முனகல் வரும், கை தட்டும், சொல்லுக்கு வாய் திறந்தால் "அதான்". இவள் கண்ணில் தண்ணீர் நிற்கும். இரண்டு மாதம் போனது.

ஒரு நாள் மேடம் என்னையும் மகளையும் வெளியே அழைத்துச் சொன்னார்: இன்னும் மூன்று வாரம் பார்க்கலாம். வராவிட்டால் படம் ஒட்டிய ஒரு அட்டை தருகிறேன். அம்மா தொட்டுக் காட்டினால் நீங்கள் புரிந்துகொள்ளலாம். பலருக்கு அது பெரிய உதவி.

நல்ல யோசனைதான். ஆனால் எனக்குக் குளியலறைதான் கண்ணில் நின்றது. அங்கே அவள் அட்டையைத் தொட்டால் எனக்கு எப்படிக் கேட்கும்?

அதற்கடுத்த வெள்ளிக்கிழமை. ஆஸ்பத்திரி வாசலில் ஒரு பெண் மல்லிகை விற்றுக்கொண்டிருந்தாள். பூக்காரி வீட்டிலிருந்து இவ்வளவு நாள் அந்த மேடத்துக்கு ஒரு கிள்ளுப் பூ போகவில்லையே என்று உறுத்தியது. மூன்று முழம் வாங்கினேன். மகள் இவளை மாடிக்குக் கூட்டிப்போயிருந்தாள். நான் பின்னால் போய், வாழையிலைப் பொட்டலத்தை மேஜையில் வைத்து, "மேடம், மூணு மொழம். தலைக்கு வெச்சிக்கோங்க" என்றேன்.

"அய்யோ, இவ்ளோ எதுக்கு அங்கிள்" என்று அவர் பிரித்தார்.

என் மனைவி அந்தப் பூவைப் பார்த்த பார்வையை நான் அறிவேன். காய்கறிக் கடையில் தராசு முள்ளைப் பார்க்கிற பார்வை. சட்டென்று இடது கையை நீட்டிச் சரத்தை இழுத்தாள். நுனியை மேடம் விரலில் திணித்து, அதைத் தன் முழங்கையில் வைத்துப் பிடிக்கும்படி கண்ணால் காட்டினாள். மேடம் பிடித்தார். இவள் சரத்தை முழங்கையிலிருந்து நடுவிரல் நுனி வரைக்கும் நீட்டினாள். நாற்பத்தைந்து வருடத்துக்கு மேல் செய்த வேலை. ஒரு கை போதவில்லை, இருந்தும் கை மறக்கவில்லை. விரல் நுனிக்குச் சரம் வந்ததும் வாய் திறந்தது.

"ஒந்து…"

மேடம் நுனியை மாற்றிப் பிடித்தார். மறுபடி முழங்கை, மறுபடி விரல்.

"எரடு…"

மூன்றாவது முழம் பாதிக் கையில் முடிந்துவிட்டது. அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். தெருவில் பூ அளக்கும்போது இழுக்கிற அதே ராகத்தில், மேலே ஏறி, கீழே விழுந்து, கோபத்தோடு வந்தது.

"எரடூ…வரே!"

ரெண்டரை. மூன்று இல்லையாம்; என்னை ஏமாற்றிவிட்டார்களாம். இரண்டு மாதம் தண்ணீ என்று வராத வாயில், புருஷன் ஏமாந்தான் என்று சொல்ல முதல் பேச்சு வந்தது. என் மகள் அழுதுகொண்டே சிரித்தாள். நான் என் வாழ்க்கையில் ஏமாந்ததற்குச் சந்தோஷப்பட்டது அன்று ஒரு நாள்தான். அந்த வாசல் பூக்காரிக்கு நான் இன்றைக்கும் கடன்பட்டவன்.

மேடத்துக்குத்தான் முதலில் நிதானம் வந்தது. "அங்கிள், அம்மா தெருவுல எப்டி கூவுவாங்க? நீங்க கூவிக் காட்டுங்க."

கூச்சமா எனக்கு? நாற்காலியைத் தள்ளிவிட்டு நின்று கூவினேன். "ஹூவ்வா… மல்லிகே ஹூவ்வா…" பக்கத்து அறையிலிருந்து ஒரு நர்ஸ் எட்டிப் பார்த்தார். இவள் முகத்தைச் சுளித்து மேஜையில் ஓங்கித் தட்டினாள். நான் கூவியது தப்பாம். இடது கையைக் காற்றில் நீட்டி, இல்லாத சரத்தை இழுத்து அளந்துகொண்டே, தன் கட்டையில், தன் இழுப்பில் திருத்தினாள்.

"ஹூவ்…வா… மல்லி…கே…"

பழைய குரலில் பாதிகூட இல்லை. ஆனால் அதே குரல். ஏணி மேல் நின்று கேட்டேனே, அதே குரல்.

மேடம் கண்ணை மூடிக் கேட்டார். காகிதத்தில் மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு, கடைசியில் ஒரு வளைவு போட்டார். "ரெண்டே சுரம் அங்கிள். கடைசில ஒரு இழுப்பு. நான் தேடினது இதுதான். அம்மா பாடவே மாட்டாங்கன்னு சொன்னீங்களே? நாப்பத்தஞ்சு வருசமா தினா பாடியிருக்காங்க."

"அது பாட்டா மேடம்? அது யாவாரம்."

"பாட்டே. அதுவும் கன்னடத்துல" என்று என்னை ஒரு பார்வை பார்த்தார். "கன்னடம் பேசக்கூடாதுன்னு சொன்னது யாரு?"

நான் தலையைச் சொறிந்தேன். வீட்டில் தமிழ், அதனால் இவளுக்குத் தமிழ் என்று நினைத்தேன். வாசல் தாண்டிக் கூடையை ஏற்றியதும் அவள் பேச்சு மாறிவிடும் என்பதை நான் கணக்கில் எடுக்கவில்லை. அந்தத் தெருக்களில் கன்னடத்தில் கூவினால்தான் கதவு திறக்கும். பூ எண்ணுவதும் முழம் போடுவதும் அவளுக்கு என்றைக்கும் கன்னடம்தான். என் கண்டிஷனால் இரண்டு மாதம் போயிற்று. தப்பு என்னுடையது, எழுதி வைக்கிறேன்.

அன்றிலிருந்து மேஜையில் தட்டுவது நின்றது. முழம் போடுவதே தாளமானது. மேடம் ஒரு நாடாவை வாங்கி வைத்துக்கொண்டார். முழங்கையிலிருந்து விரல் வரைக்கும் நாடா போகிற நேரத்தில் ஒரு சொல். அந்தப் பூ ராகத்தின் மேல் முதலில் பூ, பிறகு தண்ணீர், பிறகு சாப்பாடு. "தண்…ணீ… குடு…ங்க." கன்னட ராகத்தில் தமிழ்ச் சொல். இரண்டு பேரும் சேர்ந்து இழுப்பார்கள். பாதியில் மேடம் சத்தமில்லாமல் வாயை மூடிக்கொள்வார். சைக்கிள் பழக்குகிறவன் பின்னாலிருந்து சீட்டை விட்டுவிடுவதுபோல. இவள் தனியாகப் போய்க்கொண்டிருப்பாள், தெரியாமலேயே. தெரிந்ததும் நிற்பாள். மறுபடி பிடிப்பார். எத்தனையோ வித்துவான்களுக்கு நான் மைக் வைத்திருக்கிறேன். எங்கே பாட வேண்டும் என்று தெரிந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். எங்கே வாயை மூட வேண்டும் என்று இவ்வளவு சுத்தமாகத் தெரிந்தவர் இந்த ஒருவர்தான்.

ஒரு மாதம் கழித்து, கூப்பிடுகிற சொல்லுக்கு வந்தோம். "அங்கிள் பேரு சின்னப் பேரு. ராகத்துக்குச் சரியா ஒக்காரும்" என்றார் மேடம், வேண்டுமென்றே.

இவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"சொல்லுமே, நானே சொல்றேன், பாவமில்ல" என்றேன்.

"அதான்!" என்று என் தொடையில் ஒன்று வைத்தாள். அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை. மேடம் நாடாவை எடுத்து அவள் முழங்கையில் வைத்தார். இழுத்தார்கள். "ஏ…ங்க…" நாற்பத்தைந்து வருடமாக என் பெயர் அதுதான். அதற்கே ராகம் போட்டார்கள்.

இதற்குமேல் அளந்துவிட எனக்கு மனமில்லை. அவளுக்குப் பேச்சு முழுவதும் திரும்பிவிடவில்லை. புதிதாக வாக்கியம் கட்ட வராது. மெதுவாக, முழம் போட்டு, இரண்டு மூன்று சொல். மேடமும் அப்படித்தான் சொல்லியிருந்தார். வீட்டில் தினமும் காலையில் அரை மணி நேரம் நாடாவோடு நானே உட்காருகிறேன். சரியான இடத்தில் வாயை மூட நான் இன்னும் பழகிக்கொண்டிருக்கிறேன்.

போன மாதம் தேருக்குப் பெட்டிகள் போக வேண்டியிருந்தது. வீட்டு முன் அறையில் ஒரு ஆம்ப்ளிஃபயரைத் திறந்து வைத்துச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். பாட்டு ஓடிக்கொண்டிருந்தது, குறைவாகத்தான், ஆனால் என் குறைவு மற்றவர்களுக்கு அதிகம். மகள் இல்லை. என் மனைவி குளிக்கப் போயிருந்தாள்.

பாட்டின் மேல் ஏறி வந்தது அந்தக் குரல். மேலே ஒரு சுரம், கீழே ஒரு சுரம், கடைசியில் இழுப்பு.

"ஏ…ங்க… துண்…டூ…"

நான் பிளக்கையே பிடுங்கினேன். வீடு அமைதியானது. அவளுக்குப் பொறுமை போய்விட்டது போலிருக்கிறது. மறுபடி வந்தது, இந்தத் தடவை முழுத் தொண்டையில். "ஏ…ங்க… துண்…டூ…"

கொடியிலிருந்த துண்டை உருவிக்கொண்டு ஓடினேன். எதிர் மாடியில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை செய்கிற பெண் ஒருத்தி புதிதாகக் குடிவந்திருக்கிறாள், கன்னடத்துப் பெண். தலையை வாரிக்கொண்டே பால்கனிக்கு வந்து தெருவில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கூடையைத் தேடினாள். என் ஜன்னலைப் பார்த்து, நின்று இரண்டு முழம் கொடுத்துவிட்டுப் போகச் சொல்லிக் கூப்பிட்டாள்.

"ஆன்ட்டி! நில்லி! நனகே எரடு மொளா கொடி!"

"பூ இல்லம்மா, துண்டு!" என்று கத்திவிட்டுக் குளியலறைக் கதவைத் தட்டினேன். உள்ளே இவள் சிரிக்கிற சத்தம் கேட்டது.